புத்தளக் கரையில் டர்போ கார்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தே வாகன வரி ஏறுவதால், 1000 சிசிக்கு உட்பட்ட டர்போ கார்களுக்கு நல்ல கிராக்கி. 996 சிசி டொயோட்டா ரைஸ், 1.0 டர்போ ஹொண்டா சிவிக் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான். 2020 மார்ச்சில் நின்றுபோன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததும் முதன்முறையாக டர்போ வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டர்போ தானாகப் பழுதாவது அபூர்வம். அதற்குப் போகும் ஒயில், காற்று, கூலன்ட் ஆகியவற்றில் ஒன்று முதலில் கெட்டிருக்கும். வெயிலும் உப்பும் மணலும் ஒன்றுசேரும் புத்தளக் கரையில் இந்த மூன்றும் சீக்கிரமே கெடும்.

முதலில் தெரிய வேண்டியது

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். பெற்றோல் எஞ்சினில் அந்தப் புகையின் சூடு 900 பாகையைத் தொடும். இத்தனைக்கும் நடுவில் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே.

34 பாகை வெயிலில் உள்ளிழுத்த காற்றை இரு மடங்கு அழுத்தினால் அதன் சூடு 120 பாகையைத் தாண்டிவிடும். அதைத் தணிப்பது இன்டர்கூலரின் வேலை. அது சரியாகத் தணிக்காவிட்டால் இழுவை குறையும், எஞ்சின் தட்டத் தொடங்கும்.

படி 1: ஒயில் மாற்றும் நாளைக் குறித்து வையுங்கள்

பெற்றோல் டர்போவுக்கு ஜப்பானியக் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது 5000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. கடினமான பாவனைக்கு அதில் பாதி: 2500 கிலோமீற்றர் அல்லது 3 மாதம். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் கார், புழுதி வீதியில் ஓடும் கார் இரண்டுமே கடினமான பாவனைதான். சாதாரண எஞ்சினுக்குச் சொல்லும் 10,000 கிலோமீற்றர் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சூட்டில் ஒயில் கருகிக் கரியாகி, டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயை அடைத்துவிடும். பிறகு தண்டு ஒயிலின்றிச் சுழலும்.

நேரடி ஊசி பெற்றோல் டர்போ என்றால் டின்னில் ஏபிஐ எஸ்பி என்ற தரம் இருக்கிறதா பாருங்கள். வெயில் என்பதற்காகக் கனமான ஒயில் ஊற்றச் சொல்வார்கள். கையேட்டில் இல்லாத கனம் வேண்டாம்.

படி 2: முன் கிறிலுக்குள் டோர்ச் அடியுங்கள்

இந்தக் கரையில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் கற்பிட்டியில் ஓயாமல் வீசும். உப்பும் மணலும் கூடவே வரும். பல கார்களில் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. அதன் அலுமினியத் தகடுகளுக்கிடையே செத்த பூச்சிகளும் மணலும் சேர்ந்து, மேலே வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பதை டோர்ச் வெளிச்சத்தில் காணலாம். தகட்டை விரலால் தொட்டதும் உதிர்ந்தால் அரிப்பு ஆழமாகிவிட்டது.

எஞ்சின் ஆறிய பிறகு, மெதுவாக ஓடும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சோளகக் காலத்தில் வாரம் ஒருமுறை கழுவுவது நல்லது. சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தமான தண்ணீரை நேராக அடிக்க விடாதீர்கள். தகடுகள் மடிந்துவிட்டால் காற்றுப் போக வழியில்லை.

படி 3: எயார் பில்டரும் ஹோஸும்

கற்பிட்டி வீதியிலிருந்து மணல் ஒழுங்கைகளில் இறங்கி ஓடுகிறவர்கள் ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்டி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மணல் நேரே டர்போ சக்கரத்தின் இதழ்களைத் தேய்க்கும். இன்டர்கூலருக்குப் போகும் றப்பர் ஹோஸ்களில் வெடிப்பு, தளர்ந்த கிளிப் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹோஸின் உட்புறத்தில் மெல்லிய ஒயில் ஈரம் இருந்தால் பயமில்லை. தேங்கி நின்றால் கராஜுக்குப் போங்கள்.

படி 4: கிணற்று நீர் வேண்டாம்

சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் மாவட்டம் இது. கரையோரக் கிணறுகளில் உப்பும் கலந்திருக்கும். அந்த நீர் ரேடியேட்டருக்குள் படிந்து சூட்டை அடைத்து வைக்கும். கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

படி 5: ஓட்டும் விதம்

தலவில அன்னம்மாள் கோயிலின் மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்கு ஆள் நிறைய ஏற்றி, ஏசியோடு ஊர்ந்து போகும் பயணம் எஞ்சினுக்குப் பெரிய சோதனை. சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

சிலாபம் வீதியில் லொறியை முந்தும்போது, உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் இருந்துகொண்டு எக்ஸலேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். கியரைக் குறைத்து முந்துங்கள். வேகமாக ஓடி வந்தால் கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை நிதானமாக ஓட்டி, நின்றதும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். ஒயிலால் மட்டும் குளிரும் பழைய டீசல் டர்போக்களுக்கு இது கட்டாயம்.

ஜப்பானியச் சிறிய டர்போக்கள் பலவற்றுக்கு 92 ஒக்டேன் போதும். ஐரோப்பிய டர்போக்களுக்குப் பெரும்பாலும் 95 வேண்டும். பெற்றோல் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்.

டர்போ மாற்றச் சொன்னால்

நீலப் புகை, சைரன் போன்ற ஊளை, இழுவைக் குறைவு இவைதான் அறிகுறிகள். டீசலில் கரும்புகை வந்தால் முதலில் ஹோஸில் காற்று கசிகிறதா பாருங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். ஆறிய எஞ்சினில் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சற்று அசைந்தால் பரவாயில்லை. முன்னும் பின்னும் அசைவது தெரிந்தாலோ இதழ்கள் கூட்டில் உரசியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

அப்படி மாற்றும்போது ஒயில் வரும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்டர்கூலரில் தேங்கிய ஒயிலையும் உடைந்த துகள்களையும் கழுவி எடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் புது டர்போவுக்குள் சுத்தமான ஒயில் ஊற்றி, தண்டைக் கையால் சுழற்றிவிட வேண்டும். பழைய குழாயை அப்படியே பூட்டினால், முதல் டர்போவைக் கொன்ற அதே அடைப்பு இரண்டாவதையும் கொல்லும்.