பிள்ளைக்கு ஒரு பல்லா?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் சொன்ன யாவும் அதுபோல் உண்மையாக இருந்தால் நலமே. ஆனால், "பெறுகிற பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று எங்கள் தெருப் பாட்டிமார் சொல்வது உண்மையல்ல. எங்கள் வீட்டிலேயே இதைத் தெரிந்துகொண்டோம்.

வளைகாப்பு முடிந்து லோயர் கேம்புக்குத் தாய்வீடு வந்த எங்கள் அக்கா, பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறதென்று பிரஷைத் தொடுவதையே விட்டுவிட்டாள். விரலால் பற்பொடி தடவிக் கொப்பளிப்பதோடு சரி. ஒரு வாரத்தில் ஈறு மேலும் வீங்கிற்று. மெல்ல முடியாமல் சாப்பாடும் குறைந்தது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள்.

"பல் டாக்டரிடம் போகாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்றார்கள் அக்கம்பக்கத்தார். அம்மா கேட்கவில்லை. கம்பத்துக்கு அழைத்துப் போனார். நாங்களும் உடன் சென்றோம்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அதனால் ஈறுகளில் இரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லடியில் படியும் அழுக்கிலுள்ள கிருமிகள் சிறிதளவு இருந்தாலும் ஈறு சிவந்து வீங்கிவிடுகிறது. இது பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் தொடங்கி, எட்டாம் மாதம் வரை கூடி, பிரசவத்துக்குப் பின் தணியும். அழுக்கை நீக்கினால்தான் இரத்தம் நிற்கும். அக்காவோ அந்த அழுக்கையே சேர்த்துவைத்திருந்தாள்!

மருத்துவர் பற்காரையை நீக்கிச் சுத்தம் செய்தார். நிறைமாதத்தில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால் தலை சுற்றும் என்பதால், வலது இடுப்பின் கீழ் தலையணை வைத்து இடப்பக்கம் சற்றுச் சாய்த்துக்கொண்டார். பல் சிகிச்சைக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெட்ராசைக்கிளின் போன்ற சில மாத்திரைகள் பிறக்கும் குழந்தையின் பல்லில் நிறம் ஏற்றிவிடும். ஆகவே கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது.

அப்படியானால் பிள்ளைக்கு ஒரு பல் என்பது? குழந்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தாயின் உணவிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கப்படும், பல்லிலிருந்து அல்ல. கேழ்வரகும் மோரும் முருங்கைக் கீரையும் நம் ஊரில் கிடைக்காதவையா?

மசக்கை வாந்தி பல்லுக்கு மற்றொரு பகை. வயிற்றுப் புளிப்பு பல்லின் மேற்பூச்சை இளக்குவதால் உடனே துலக்கக் கூடாது. ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கொப்பளித்து, அரைமணி கழித்துத் துலக்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கமிருந்து விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. அவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? களைப்புக்கு வெற்றிலையோடு புகையிலை போடுவோர், ஈறோடு குழந்தையின் எடையையும் இழக்கிறார்கள். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. இரத்தக் கசிவை அங்கே சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். இப்போது மிருதுவான பிரஷால் காலையும் இரவும் துலக்குகிறாள், கசிவு குறைந்துவிட்டது. இரவு பால் குடித்துவிட்டு அப்படியே படுக்கப் போனால், எங்கள் தங்கை பிரஷும் கையுமாய் வாசலை மறித்து நிற்கிறாள்.