நாஞ்சில் நாடனைக் காதால் படிக்கலாம்

வேலை நிமித்தம் நாகர்கோவிலுக்கு வந்தவன் நான். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) நாவலைப் படித்திருந்தேன். 2002ல் 'சொல்ல மறந்த கதை' என்று படமானதும் அதுதான். ஆனால் அதிலுள்ள வட்டாரச் சொல் ஒன்றை நான் உச்சரித்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்துவிட்டார். அவர் பேச்சை யூடியூபில் கேட்ட பிறகே அந்த இழுவை பிடிபட்டது.

நீங்களும் கேட்கலாம். யூடியூப் தேடல் கட்டத்தில் 'நாஞ்சில் நாடன் உரை' என்று தமிழிலேயே டைப் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பல பதிவுகள் சிக்காமல் போகும். விண்டோஸில் தமிழ் கீபோர்டைச் சேர்த்திருந்தால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ்பாரைத் தட்டி மொழியை மாற்றலாம். 'ஸ்ருதி டிவி' என்று சேர்த்துத் தேடினால் இலக்கியக் கூட்டப் பதிவுகள் நிறைய வரும். ஃபில்டர்ஸில் 20 நிமிடத்துக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டி ஒட்டிய துணுக்குகள் ஒதுங்கிவிடும்.

சொல் புரியவில்லையா? ஜே கீயைத் தட்டினால் 10 விநாடி பின்னால் போகும். கே கீ நிறுத்தும். பல்சக்கர ஐகானில் வேகத்தை 0.75 ஆக்கலாம், அதற்கும் கீழே போனால் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலிருக்கும். அதே இடத்தில் குவாலிட்டியை 240பி ஆக்குங்கள். பேச்சு கேட்க அது போதும், டேட்டாவும் மிச்சம்.

நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி 2005ல் மறைந்தார். யூடியூப் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் 2019ல் மறைந்தார். அவர் பெயரையும் தேடிப் பாருங்கள். பதிவேற்றியவர் நீக்கிவிட்டால் உங்கள் பிளேலிஸ்ட்டில் சேர்த்ததும் ஓடாது. ஆகவே தள்ளிப் போடாமல் கேளுங்கள்.