சிலாங்கூர் ஆற்றோடு ஒரு நாள்

கோலசிலாங்கூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். மலாவத்திக் குன்றில் குரங்குகள், பாசிர் பெனம்பாங்கில் நண்டு, இருட்டியதும் மின்மினி, பத்து மணிக்கு வீடு. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதே ஊரை ஆற்றின் தலைப்பிலிருந்து வந்து பார்த்தால் அது வேறு ஊராகத் தெரியும். சிலாங்கூர் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் ஓடி அங்கே கடலில் கலக்கிறது. விடியலை மலையில் பார்த்துவிட்டு, ஆறு போகும் போக்கிலேயே இறங்கி வந்தால், நடுவில் உள்ள தோட்டங்களும் பயணத்துக்குள் வந்துவிடும். எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

கோலகுபு பாருவைத் தாண்டி, பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில், சிலாங்கூர் அணைக்கட்டு இருக்கிறது. ஆறரைக்கு அங்கே இருந்தால் போதும். 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியதால், நமக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். அதிலும் இங்கே கிழக்குப் பக்கம் முழுக்க மலை. மேகம் சிவந்து, நீரில் வெளிச்சம் இறங்கி, அதற்கும் வெகுநேரம் கழித்தே சூரியன் முகட்டுக்கு மேல் தலைகாட்டும். ஏழேகாலுக்கே நம்பிக்கை இழந்து வண்டியைத் திருப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் அரை மணி பொறுத்திருங்கள். கையில் சுடச்சுடத் தேநீர் இருந்தால் பொறுமை தானாக வரும். இந்த நீர்த்தேக்கத்துக்காக கெராச்சி, பெர்தாக் என்ற இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன என்பதையும் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சிலர் சூரிய உதயத்துக்கு புக்கிட் கூத்து ஏற ஆசைப்படுவார்கள். 1,053 மீட்டர் உயரம். ஆங்கிலேயர் 1893 வாக்கில் இளைப்பாறக் கட்டிய பங்களாவின் புகைபோக்கி இன்னும் உச்சியில் நிற்கிறது. அதற்கு வனத்துறை அனுமதி வாங்கி, தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தோடு சேர்த்தால் இரண்டுமே கெடும்.

காலைப் பசியாறல் கோலகுபு பாருவில். ஊர் சிறியது, நடந்தே பார்த்துவிடலாம். 1883-ல் பழைய கோலகுபுவில் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டார்கள். பிறகும் ஈயச் சுரங்கத்து வண்டலால் வெள்ளம் ஓயவில்லை. அதனால்தான் 1920களில் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டில் இந்தப் புதிய ஊர் எழுந்தது.

அங்கிருந்து ராசா, பத்தாங் காலி வழியாக இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நிராயுதபாணிகளான 24 பேரைச் சுட்டுக் கொன்றது பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். அதற்கப்பால் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்டனர் என்று நம்மவர்கள் வாய்நிறையச் சொல்லும் தோட்டப் பெயர்கள். வழியில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனாலும் வயதானவர்களிடம் வழி கேட்டால் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

இந்த இடத்துக்கு ஒரே ஒரு யோசனை சொல்வேன்: தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரை வண்டியின் முன்சீட்டில் உட்காரவையுங்கள். நான் பெரியம்மாவை அழைத்துப் போனேன். பால்மரம் சீவியவர். வழியில் எஞ்சியிருந்த ஒரு சிறு ரப்பர்க் காட்டருகே நிறுத்தச் சொன்னார். மரத்தின் பழைய வெட்டில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகச் சரித்து இழுத்துக் காட்டினார். முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு உளி பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுப் புடைத்துக்கொள்ளும், அந்த இடத்தை மறுபடி வெட்ட முடியாது. பால் சரிவில் இறங்கி மங்கில் சொட்டும்.

“சூரியன் வர்றதுக்குள்ள பாதி நெரையை முடிச்சிடணும்ப்பா. வெயில் ஏறினா பால் நின்னுடும்” என்றார். உண்மைதான்; விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் அழுத்தம் கூடியிருந்து பால் நன்றாக ஓடும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, இருட்டில் எழுந்து ஓடியவர்களுக்கு உதயம் என்பது வேலையின் பாதி. அன்று காலை அணைக்கட்டில் அவர் ஏன் சூரியனைவிடக் கடிகாரத்தையே அதிகம் பார்த்தார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் இந்த வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதை நட்டவர் ஹென்ரி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தமிழ் கற்றுக்கொண்டவர், இங்கே வாழ்ந்த வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மலேசீ’ நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நாவலுக்குப் பரிசு, செம்பனைக்குப் பெயர். காடு வெட்டி, வடிகால் தோண்டி, நட்டு, குலை வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. கோட்டைக்கு விளக்கப் பலகை வைக்கிற நாடு லயத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும். அதுவரை நாம்தான் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கோயில் எங்கே இருந்தது, பள்ளி எப்போது இடம் மாறியது. பெரியவர்கள் பேசும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் காவலரிடம் அனுமதி கேளுங்கள். பலவற்றில் தனியார் சாலைதான்.

தோட்டங்களைத் தாண்டி கோலசிலாங்கூர் வந்ததும், மலாவத்திக் குன்றுக்கு நாலு மணிக்கு மேல் ஏறுவது நல்லது. வார இறுதியில் காரைக் கீழே விட்டுவிட்டு டிராமில் போகலாம். சுல்தான் இப்ராஹிமின் கோட்டை இது. மலாக்காவை முற்றுகையிட்டதற்குப் பழிவாங்க வந்த டச்சுக்காரர்கள் 1784-ல் இதைப் பிடித்து, தங்கள் ஆளுநர் ஆல்ட்டிங்கின் பெயரில் ஆல்ட்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு வருடமே பகாங் உதவியோடு சுல்தான் திரும்ப எடுத்துக்கொண்டார். 1871-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ இதன்மேல் குண்டு பொழிந்தது. பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆற்று வாயும் நீரிணையும் ஒருசேரத் தெரியும். ஈயம் இறங்கிவரும் ஆற்றுக்கு வாசல் எது என்று தெரிந்தால், எதற்காக இத்தனை சண்டை என்று கேட்க வேண்டியதில்லை. 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கமும் அரச கல்லறைகளும் அருகருகே உள்ளன. வெள்ளி நிற லோத்தோங் குரங்குகள் சாது. அவற்றின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தாய் மடியில் தனியாகத் தெரியும். நீண்ட வால் குரங்குகள் அப்படியல்ல, பையைப் பறித்துவிடும். எதற்கும் தீனி போடாதீர்கள்.

மின்மினிக்குக் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகைத்தான் சொல்வேன். மழை பெய்தால் படகு நிற்கும், நிலவு நாளில் ஒளி மங்கலாகத் தெரியும். அதனால் கிளம்பும் முன்பே பஞ்சாங்கத்தில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிடுங்கள். மின்மினி உட்காரும் பெரெம்பாங் மரத்துக்கு நன்னீரும் உப்புநீரும் கலந்த ஆறு வேண்டும். மின்மினியின் புழு கரையோர நத்தையைத் தின்று வளர்கிறது. கரையை அழித்துச் செம்பனை நட்டாலும், மேலே ஆற்றின் நீர்வரத்து மாறினாலும், அடிபடுவது இங்கேதான்.

தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், உங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்துக் கோயிலின் திருவிழா நாளில் போங்கள். வெளியேறிய குடும்பங்கள் அன்று எங்கெங்கிருந்தோ வந்து கூடும். “நீங்க எந்தத் தோட்டம்மா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், பெரியம்மாவை வண்டியில் ஏற்றுவதற்குள் கோலசிலாங்கூரில் இருட்டிவிடும். அப்படியானால் கோட்டையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.