குழந்தைகளுக்கு இரத்த உறைவுத் தடுப்பு மருந்து: அளவும் கண்காணிப்பும்

பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறாரின் உடற்குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் ராஷ்டிரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம், 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளில் ஒருமுறையும் சோதனை நடத்த வேண்டும் என்பது இதன் ஏற்பாடு. பிறவி இதயக் கோளாறும், ருமாட்டிக் காய்ச்சலின் விளைவான இதய நோயும் இத்திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இவ்வாறு கண்டறியப்படும் குழந்தைகளுள் சிலருக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்ட குழந்தை, இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய உள்நாட்டு வால்வுக்கும் இவ்விதி பொருந்தும். அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பயனைக் காப்பது அதற்குப் பின் நாள்தோறும் கொடுக்கப்படும் மருந்தேயாகும்.

மருந்தின் இயல்பு

இம்மருந்துகள் ‘இரத்தத்தை நீர்க்கச் செய்பவை’ என்று பேச்சு வழக்கில் கூறப்பட்டாலும், இரத்தத்தின் அடர்த்தியை இவை மாற்றுவதில்லை. உறையும் வினையைத் தாமதப்படுத்துகின்றன. ஊசி வழியே செலுத்தப்படும் ஹெப்பாரின் உடனே செயற்படும். வார்ஃபரின், அசினோகுமரால் ஆகிய மாத்திரைகள் வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பவை; இவற்றின் முழுப் பயன் தெரியச் சில நாட்கள் ஆகும். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டி மூளைக்குச் செல்லக்கூடும். மிகுந்தால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படும். இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையிலான எல்லை மிகக் குறுகியது.

குழந்தையின் தனித்தன்மை

பெரியவருக்கான அளவை எடைக்கேற்பக் குறைத்தால் போதும் என்று கருதுவது தவறு. பிறந்த குழந்தையின் இரத்தத்தில், ஹெப்பாரின் செயற்படுவதற்குத் துணைபுரியும் ஆன்டித்ரோம்பின் என்னும் புரதம் குறைவு. ஆகவே ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 28 யூனிட் வரையிலும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 20 யூனிட் அளவிலும் ஹெப்பாரின் தொடங்குவது வழக்கம். பின்னர் இரத்தச் சோதனைக்கேற்ப அளவு திருத்தப்படுகிறது.

தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு; புட்டிப்பால் மாவுகளில் அது கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. ஆகவே தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு வார்ஃபரின் எளிதில் மிகுந்துவிடும். மாவுப்பாலுக்கு மாறினால் அதே அளவு போதாமற் போகும். குழந்தை வளர வளர எடையும் மாறுவதால், ஒருமுறை குறித்த அளவு நிலையானதன்று.

கணக்கும் புட்டியும்

நான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மணிக்கு 28 யூனிட் வீதம் 112 யூனிட் தேவை. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் 5 மில்லி லிட்டர் புட்டியில் 25,000 யூனிட், அதாவது ஒரு மில்லி லிட்டரில் 5,000 யூனிட் உள்ளது. அதிலிருந்து நேரே எடுத்தால் மணிக்குச் சுமார் 0.022 மில்லி லிட்டர் மட்டுமே செலுத்த வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகும். ஒரு மில்லி லிட்டரை 50 மில்லி லிட்டராக நீர்த்துக்கொண்டால் ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் இருக்கும். செலுத்த வேண்டியது மணிக்கு 1.12 மில்லி லிட்டர். அளப்பதும் எளிது, பிழையைக் காண்பதும் எளிது.

2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், ஒரு மில்லி லிட்டருக்கு 10 யூனிட் கொண்ட புட்டிகள் இருக்க வேண்டிய பெட்டியில் 10,000 யூனிட் புட்டிகள் வைக்கப்பட்டதால் மூன்று பச்சிளங் குழந்தைகள் உயிரிழந்தன. வசதி மிக்க மருத்துவமனையிலும் இது நேர்ந்தது. செறிவு மிக்க புட்டிகளைக் குழந்தைகள் பிரிவில் வைக்காதிருத்தலும், இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுதலும் செலவில்லாத பாதுகாப்பு முறைகளாகும். ஹெப்பாரினுக்குப் புரோட்டமினும், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் மாற்று மருந்துகள். இவை கைவசம் இருத்தல் வேண்டும்.

ஊர் திரும்பிய பின்

புனே நகரில் 1867 முதல் இயங்கும் சாசூன் மருத்துவமனை உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகள் பல உள்ளன. ஆயின் சிகிச்சை பெற்ற குழந்தை ஜுன்னர், அம்பேகாவ் போன்ற சஹ்யாத்ரி மலைப்பகுதிகளுக்குத் திரும்புகிறது. ஜுன்னரிலிருந்து புனே சுமார் 90 கிலோ மீட்டர்.

மாத்திரையின் பயனை ஐ.என்.ஆர். என்னும் சோதனை காட்டுகிறது. இயல்பான அளவு 1. பெரும்பாலான குழந்தைகளுக்கு 2 முதல் 3 வரை இலக்காகக் கொள்ளப்படும். சில வால்வுகளுக்கு இலக்கு சற்றுக் கூடுதல். சோதனைக்காகப் பெற்றோர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து நகருக்கு வர வேண்டுமெனில், சோதனை விரைவில் நின்றுபோகும். அருகிலுள்ள கிராமப்புற மருத்துவமனையில் இரத்தம் எடுத்து, முடிவைப் புனேயிலுள்ள மருத்துவருக்குத் தெரிவித்து அளவைப் பெறும் ஏற்பாடு இக்குறையை நீக்கவல்லது.

உள்ளூரில் பிற நோய்க்குத் தரப்படும் மருந்தும் கவனத்திற்குரியது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வார்ஃபரினின் பயனைக் குறைக்கும். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் ஆகியவை கூட்டும். ருமாட்டிக் காய்ச்சல் மீளாதிருக்கத் தசையில் போடப்படும் பென்சிலின் ஊசி இரத்தக் கட்டை உண்டாக்கலாம். ஊசியா மாத்திரையா என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வெந்தயக் கீரை, பசலை முதலியவற்றை விலக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதே முக்கியம். ஒரு வேளை மருந்து தவறினால் மறுவேளை இரட்டிப்பாகக் கொடுத்தல் கூடாது. ஈறில் இரத்தம், கறுத்த மலம், தலையில் அடி, வாந்தியுடன் கூடிய தலைவலி ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

மருந்தின் பெயர், மாத்திரையின் அளவு, இலக்கு, கடைசிச் சோதனை முடிவு, குழந்தையின் எடை ஆகிய ஐந்தையும் பெற்றோரின் மொழியில் எழுதிய அட்டையொன்று குழந்தையுடன் செல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் ஆஷா பணியாளரும் பள்ளி ஆசிரியரும் அதைப் படித்தறிந்திருப்பின், நகரில் காப்பாற்றப்பட்ட உயிர் கிராமத்திலும் காக்கப்படும்.