புதிய மாம்பழ ரகங்களைச் சோதித்து வாங்குவது எப்படி?

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டார வணிகர்களுக்கு மாம்பழம் புதிய சரக்கல்ல. பெங்களூரா, நீலம், அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவோம். ஆனால் மல்லிகா, ஆம்ரபாலி, அர்கா புனீத் போன்ற ஒட்டுச் சேர்க்கை ரகங்கள் மண்டிக்கு வந்தால், என்ன விலைக்குக் கேட்பது, எத்தனை நாள் தாங்கும் என்ற தயக்கம் வருகிறது. சிலர் தெரிந்த பெயர் ஒன்றைச் சூட்டி விற்றுவிடுகிறார்கள். இரண்டுமே வியாபாரத்துக்கு நல்லதல்ல.

ரகம் பிறக்கும் விதம்

மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருந்தாலும் காயாக நிற்பவை சிலவே. ஆராய்ச்சியாளர்கள் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்க்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். மிஞ்சிய பழத்தின் கொட்டையை முளைக்க வைத்தால், அது காய்க்கச் சாதாரணமாக 6 முதல் 10 ஆண்டுகள் ஆகும். அப்படிக் காய்த்தவற்றில் தாய் தகப்பனைவிட மட்டமானவையே அதிகம். தேறிய ஒன்றை ஒட்டுக்கட்டி, மேலும் பல ஆண்டுகள் விளைச்சல், ருசி, நோய் எல்லாம் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள்.

பெற்றோரைத் தெரிந்துகொண்டால் பிள்ளையின் குணம் புரியும். அல்போன்சாவின் மணமும் ருசியும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அது ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஏமாற்றும். வெளியே பளபளப்பாக இருக்கும் பழத்தின் உள்ளே சதை பஞ்சாகிப் புளித்திருக்கும். நீலமோ வருடந்தோறும் காய்க்கும். அதனால்தான் பல கலப்புகளில் நீலம் இடம்பெற்றது.

டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நீலத்தையும் தசேரியையும் சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் தந்தது. கொங்கண் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலம், அல்போன்சா சேர்க்கையில் 1981-ல் ரத்னாவை வெளியிட்டது. அதில் பஞ்சுச் சதைக் கோளாறு இல்லை. ஓசூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அல்போன்சாவையும் பங்கனப்பள்ளியையும் சேர்த்து அர்கா அருணா, அர்கா புனீத் ரகங்களை உருவாக்கியது. அருணா ஏறத்தாழ அரைக்கிலோ எடை. புனீத் கால்கிலோ அளவு. நமது மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து பொறுக்கியெடுத்த குட்டை ரகமே பையூர் 1.

கடையில் செய்யவேண்டிய சோதனை

ஆராய்ச்சி நிலையம் மரத்தையும் பழத்தையும் பார்க்கிறது. லாரியில் குலுங்கி வந்து கடைப்பலகையில் நான்கு நாள் கிடக்கும் பழத்தைப் பார்ப்பவர்கள் நாம். இனிப்பில் பெங்களூராவை மிஞ்சும் ரகங்கள் பல உண்டு. இருந்தும் அது நிலைத்ததற்குக் காரணம், தாராளமான காய்ப்பு, தடித்த தோல், மாங்கூழ் ஆலைகளின் தேவை ஆகியவையே. ஆகவே ருசியை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முதலில் ஒரு கிரேட் மட்டும் வாங்கிப் பின்வருமாறு பாருங்கள்.

1. சில காய்களைத் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும். மிதப்பவை பெரும்பாலும் பிஞ்சு. பிஞ்சில் பறித்தால் எந்த உயர்ந்த ரகமும் ருசிக்காது. கெட்ட பெயர் ரகத்துக்கு வந்து சேரும்.

2. வந்த நாள், எடை, பழுத்த நாள், கழித்த பழம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

3. பழுத்ததும் ஐந்தாறு பழங்களை அறுத்து நார், கொட்டையின் அளவு, உள்சதை ஆகியவற்றைப் பாருங்கள்.

4. வாங்கிச் சென்றவர் திரும்பி வந்து அதையே கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள். உதாரணமாக, கிலோ 60 ரூபாய்க்கு 20 கிலோ வாங்கி, வாடலும் அழுகலுமாக 3 கிலோ போனால், மிஞ்சிய 17 கிலோவின் அடக்கம் கிலோவுக்கு 70 ரூபாய் 59 காசு. இன்னொரு ரகத்தை 66 ரூபாய்க்கு வாங்கி 1 கிலோ மட்டுமே கழிந்தால் அடக்கம் 69 ரூபாய் 47 காசுதான். கொள்முதலில் விலை கூடிய சரக்கு இங்கே மலிவாகிவிடுகிறது. நோட்டில் எழுதாதவருக்கு இது தெரியவே வராது.

பழுக்க வைப்பதில் அவசரம் வேண்டாம். கால்சியம் கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை மட்டும், 100 பிபிஎம் அளவுக்குள், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. கார்பைடு வைத்த பழத்தின் தோல் மஞ்சளாகும். உள்ளே ருசி ஏறாது. புதிய ரகத்தை முதல் தடவை வாங்கும் வாடிக்கையாளர் அதைத் தின்றால் மறு தடவை கேட்க மாட்டார்.

பெயர் முக்கியம்

எல்லைப் பகுதியில் பெயர்க் குழப்பம் ஏற்கெனவே உண்டு. கர்நாடகத்தில் அல்போன்சாவைப் பாதாமி என்பார்கள். நம் பெங்களூராவைத் தோதாபுரி என்பார்கள். மல்லிகாவையும் அல்போன்சா என்று விற்றால் அன்றைக்கு நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் பழம் பிடித்துப்போன வாடிக்கையாளர் மறுமுறை எதைக் கேட்பார்? மல்லிகாவுக்கு விலையே ஏறாது. விலை ஏறாத ரகத்தை விவசாயி வெட்டிவிட்டு வேறு கன்று வைப்பார். பல ஆண்டு உழைப்பில் பிறந்த ரகம் நம் பலகையிலேயே அழிந்துபோகும்.

வரும் சீசனில் ஒவ்வொரு கடையிலும் ஒரு புதிய ரகத்தையாவது அதன் சொந்தப் பெயரை அட்டையில் எழுதி வைத்து விற்றுப் பார்ப்போம். நோட்டுக் கணக்கைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால், எந்த ரகத்துக்குக் கன்று வைக்கலாம் என்று விவசாயிக்கும் நம்மால் துணிந்து சொல்ல முடியும்.