பருத்திக் களையும் முதல் நாற்பத்தைந்து நாட்களும்

களையெடுப்பு பயிரிடுவோர் பாடு, நெசவாளருக்கு அதில் என்ன என்று நம் அங்கத்தினரில் சிலர் எண்ணக்கூடும். பருத்தி எடுக்கும் சமயத்தில் செடியடியில் காய்ந்து நிற்கும் களையின் சருகு பஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. அரைவையிலும் நூற்பிலும் எவ்வளவு தட்டினாலும் தூள் முழுதும் போவதில்லை. துகள் தங்கிய இடத்தில் இழை நலிந்து, தறியில் பாவு அறுகிறது. பேட்டையில் முன்பு நடந்துவந்த கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையுமே பிரதானம். பருத்திக்கு உரிய நிலம் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிக் கரிசலாகும். 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதும், கருங்கண்ணிப் பருத்தி பெயர் பெற்றதும் இம்மண்ணினாலேயே.

பருத்தி முளைத்த முதல் மாதத்தில் மிக மெதுவாக வளரும்; வரிசைகளுக்கு நடுவே நிலம் வெறுமையாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் சாரணையும் தொய்யக்கீரையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விதைத்த 45 நாட்களுக்குள் களை தின்ற ஈரத்தையும் உரத்தையும் பின்னர் எத்தனை முறை கொத்தினாலும் மீட்க முடியாது. செடிகள் படர்ந்து நிழல் கட்டியபின் முளைக்கும் களையால் நஷ்டம் குறைவு. ஆனால் நம்மில் பலர் களை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த பிறகே ஆள் தேடுகிறோம்.

கரிசலில் வேறொரு தொல்லையும் உண்டு. மழை பெய்தால் காலை வைக்க முடியாது. காய்ந்தால் மண் இறுகி வெடிக்கும். இரண்டுக்கும் இடையே பதம் இருப்பது சில நாட்களே. அந்நாட்களில் எல்லாக் காட்டுக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டியிருப்பதால் கூலி ஏறுகிறது, ஆளும் கிடைப்பதில்லை. ஊரில் பத்து அங்கத்தினர் முன்கூட்டியே பேசி முறை வைத்துக்கொண்டால், களையெடுக்கும் பெண்களுக்குத் தொடர்ந்து வேலையும், நமக்குக் காலத்தில் களையெடுப்பும் கிட்டும். முதற்களை 20 நாளிலும், இரண்டாங்களை 40 நாளிலும் முடிவது நலம். இரண்டு வரிசைப் பருத்திக்கு ஒரு வரிசை உளுந்து போட்டால் வெற்றிடம் குறைகிறது. உளுந்து தனி வரும்படி.

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. கோரையை மேலாகச் செதுக்கினால் கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும்; கோடை உழவில் கிழங்கைப் புரட்டி வெயிலில் காயவிடுவதே அதற்கு வழி. சதைப்பற்றுள்ள சாரணையைப் பிடுங்கி வரிசையிலேயே போட்டால், அடுத்த தூறலில் வேர் பிடித்துவிடும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன்பே கையுறையுடன் பிடுங்க வேண்டும். அதுவும் வரப்பிலுள்ள துத்தியும் மாவுப்பூச்சிக்கு இருப்பிடமாதலால், வரப்பை விட்டுவிட்டுக் காட்டை மட்டும் சுத்தம் செய்வது பாதி வேலையே.

இறவைப் பருத்தியில் விதைத்த மூன்று நாட்களுக்குள், ஈரமான நிலத்தில், பெண்டிமெத்தலின் 30 சத மருந்தை ஏக்கருக்கு 1.3 லிட்டர் வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். களை முளைத்தபின் இம்மருந்து பயன்படாது. தெளித்த வயலிலும் 35 நாளுக்குமேல் ஒரு கைக்களை வேண்டியிருக்கும்.

கடைசியாக, பொதுத் தெளிப்பான் பற்றி ஒரு வார்த்தை. நெல் வயலில் 2,4-டி அடித்த கருவியில் மிச்சமிருக்கும் சொற்ப மருந்தும் பருத்தியைக் கெடுத்துவிடும். இலை வெண்டையிலைபோல் விரல்விரலாகப் பிளந்து, மொக்கு உதிரும். காற்றில் வரும் சாரலும் அவ்வாறே. கழுவிவிட்டோம் என்று நம்புவதில் பயனில்லை. நெல்லுக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று எனச் சங்கங்கள் இரண்டு தெளிப்பான்களை வாங்கி, வெவ்வேறு வர்ணம் பூசி, வாங்கிச் செல்பவர் எந்த மருந்துக்குக் கொண்டுபோகிறார் என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறவேண்டும்.