கைத்தொலைபேசி ஆசிரியராகுமா?

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நமது பதுளை மாவட்டத்தின் பெயர் உலகச் செய்தி ஏடுகளில் இடம்பெற்றது. தேயிலைக்காகவோ எல்லையின் அழகுக்காகவோ அல்ல. போஹிட்டியாவ என்னும் கிராமத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்து பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் புதர்க்காட்டு வழியே மலையேறி, உச்சிப் பாறையொன்றில் அமர்ந்து பாடங்களைப் பெற்றுக்கொண்டார்கள். சிறுத்தையும் யானையும் வந்துபோகும் வழி அது. பாறையின் மேல்தான் 'சிக்னல்' கிடைத்தது. ஒரே கைத்தொலைபேசியை நான்கைந்து பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். லுணுகலைப் பக்கத்திலோ, காட்டினுள்ளே முப்பதடி உயரத்தில் அமைந்த மரவீட்டுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைத் துணையிருந்து அழைத்துச் சென்றனர்.

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் இடையிடையே திறந்து மீண்டும் மூடப்பட்ட காலம் அது. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் நூற்றுக்கு நாற்பது பேர் வரையில்தான் இணையவழி வகுப்பில் சேர முடிந்ததென ஆசிரியர் சங்கம் ஒன்று அப்போது கணக்கிட்டது.

வெளிநாட்டார் இச்செய்தியை வாசித்து வியந்திருக்கலாம். பூனாகலையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் நம்மவர்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. எந்த லயத்துக் கோடியில், எந்தக் கொழுந்து மடுவத்தின் அருகில் 'சிக்னல்' கிடைக்கும் என்பது நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மழைமூட்டம் இறங்கினால் அதுவும் இல்லை.

ஆனால் அன்பான பெற்றோரே, 'சிக்னல்' கிடைத்துவிட்டால் கல்வியும் கிடைத்துவிடுமா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டியது. இக்கேள்வி புதியதன்று. நம்மைப் போலவே மலைகளில் சிதறி வாழ்ந்த வேறொரு மக்களிடம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இது எழுந்தது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்னும் நாடு. அந்நாட்டின் அந்தீஸ் மலைத்தொடரில் சுத்தாத்தென்சா என்றொரு சிற்றூர். 1947இல் அவ்வூருக்கு அனுப்பப்பட்ட இளங்குரு ஹொசே ஹொவாக்கீன் சல்சேதோ, தம் மக்களிற் பெரும்பாலானோர் எழுத வாசிக்கத் தெரியாத குடியானவர்கள் என்பதைக் கண்டார். பாடசாலைக்கு வரச் சொன்னால் வர முடியாத தூரம். எனவே ஒரு சிறிய வானொலிக் கருவியைக்கொண்டு பாடசாலையை அவர்களது குடிசைக்கே அனுப்பினார். பற்றரியில் இயங்கிய வானொலிப் பெட்டிகள் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. அந்த நிலையத்தைத் தவிர வேறெதையும் கேட்க முடியாதபடி அவை அமைந்திருந்தன என்பது ஒரு சுவையான செய்தி. இன்று தம் பிள்ளையின் கைத்தொலைபேசியும் அப்படி இருக்கக்கூடாதா என ஏங்கும் தாய்மார் பலர்!

சிறிதாகத் தொடங்கிய அம்முயற்சி நாடு முழுவதும் பரவியது. 1980களின் இறுதி வரை நீடித்தது. அதன் வெற்றிக்கு வானொலி மட்டுமா காரணம்? இல்லை. வானொலியோடு சிறு பாடநூல் ஒன்றும் வீட்டுக்குச் சென்றது. பின்னர் வாரப் பத்திரிகையும் வந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு வானொலிப் பெட்டியின் அருகிலும் ஓர் உதவியாளர் இருந்தார். அவர் பட்டதாரியல்லர், ஓரளவு வாசிக்கத் தெரிந்த அயலவர், அவ்வளவுதான். வானொலியில் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு அவர் கரும்பலகையில் எழுதுவார். எழுதத் தடுமாறும் கையைப் பிடித்துத் திருத்துவார். வராதவரைத் தேடிப் போவார். வானொலிக்குக் கண் இல்லை. அந்தக் குறையை நிறைவாக்கியவர் அருகிருந்த அயலவர்.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலை சமூக வானொலி, 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தை வானொலியுடன் இணைத்தது. கணினியைத் தொட்டறியாத மக்கள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விடையை வானொலியில் விளக்குவார்கள். இங்கேயும் இயந்திரத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்ததைக் கவனியுங்கள்.

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்' என்னும் பெயரில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாயின. நல்ல முயற்சிதான், ஆசிரியர்கள் தெளிவாகவே கற்பித்தனர். ஆனால் லயத்து வீட்டில் தொலைக்காட்சி ஒன்று; பிள்ளைகள் மூவர்; மூவரும் மூன்று தரங்களில். தரம் 9 கணிதம் ஓடும்போது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பவன் கொப்பியோடு காத்திருக்கிறான். ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. அம்மா கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். அப்பா கொழும்பில் கடையில் வேலை. வீட்டின் ஒரே 'ஸ்மார்ட்' தொலைபேசி அப்பாவோடு கொழும்பில். ஆசிரியர் 'வட்ஸ்அப்'பில் அனுப்பிய பயிற்சித்தாள் கொழும்பிலிருந்து ஊருக்கு வருவதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும்.

கருவி இருந்தும் கல்வி சேராமற் போனதன் காரணம் இதுவே. ஆகவே, கடன்பட்டேனும் பிள்ளைக்கு விலையுயர்ந்த தொலைபேசி வாங்கிக் கொடுத்தால் நம் கடமை முடிந்தது என எண்ணும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்தப் பணத்தின் ஒரு பகுதி நல்ல விளக்குக்கும் மேசைக்கும் கொப்பிகளுக்கும் போகட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதே மாதத்தில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் காகிதத் தட்டுப்பாட்டால் பிற்போடப்பட்டன. மின்சாரமும் காகிதமும் இரண்டும் கைவிட்ட காலத்தில் முன்பே எழுதி வைத்த கொப்பிதான் பிள்ளைக்குத் துணைநின்றது.

அப்படியானால் கைத்தொலைபேசியை ஒதுக்கிவிடுவதா? அதுவும் அறிவீனம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். உயர்தர விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரில்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு, ஒரு நல்லாசிரியரின் பதிவு செய்யப்பட்ட பாடம் பெரும் கொடை. நேரலை வகுப்பைப் போலன்றி அதை நிறுத்தலாம், மறுபடி கேட்கலாம், நள்ளிரவிலும் கேட்கலாம்.

செலவையும் குறைக்க வழியுண்டு. காணொளியைவிடக் குரற்பதிவு 'டேட்டா'வை மிகக் குறைவாகவே எடுக்கும். ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசி அனுப்பும் பாடத்தையும், கரும்பலகையின் ஒரு படத்தையும் பலவீனமான 'சிக்னல்'கூடச் சுமந்துவரும். நகருக்குப் போகும் ஒருவர் பண்டாரவளையில் வைத்துப் பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டால், திரும்பி வந்து இணையமின்றியே மற்றத் தொலைபேசிகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஞாயிறு பூசைக்கு வரும் குடும்பங்களுக்கு இது எளிது. பங்கு மண்டபத்தில் ஒரு கணினியும், வாரம் இரு மாலைகள் அங்கே அமர ஓர் இளைஞரும் இருந்தால் போதும்.

அந்த இளைஞர் யார் என்பதே முக்கியம். சுத்தாத்தென்சாவின் அயலவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மூத்த அக்கா, உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் அண்ணன், இவர்களைப் போன்றோர் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. லயத்துக்கு ஒருவர் ஐந்து பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தாலே, ஒரே தொலைபேசி ஐந்து பிள்ளைகளுக்கும் வகுப்பறையாகிவிடும். தனியே அறைக்குள் தொலைபேசியோடு இருக்கும் பிள்ளை பாடம் பார்க்கிறதா, வேறு ஏதும் பார்க்கிறதா என்ற கவலையும் பெற்றோருக்குக் குறையும். இரவில் தொலைபேசி பெற்றோரின் தலைமாட்டிலேயே 'சார்ஜ்' ஆகட்டும்.

புதிதாக இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் கட்டுரையும் எழுதித் தருகிறது, கணக்கும் செய்து தருகிறது. பிள்ளை அழகாகப் பார்த்தெழுதிக் காட்டும், நாமும் மகிழ்ந்துபோவோம். எழுத்தறியாத பெற்றோரும்கூட இதைக் கண்டுபிடிக்கலாம். கொப்பியை மூடச் சொல்லி, "இன்று படித்ததை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். படித்த பிள்ளை தடுமாறினாலும் சொல்லும். பார்த்தெழுதிய பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

கடைசியாக ஒன்று. இயந்திரம் வந்துவிட்டது என்பதைக் காரணங்காட்டி ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது. தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நேற்று வந்த நோயன்று. 1977இலிருந்து அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய நாள்முதல் நாம் கேட்டுவரும் கோரிக்கை அது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அப்பாவோ அம்மாவோ கட்டாயம் போங்கள். கணினி அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை பாடவேளை நம் பிள்ளைகள் அதனுள்ளே போகிறார்கள், பழுதான கணினியைத் திருத்த யார் வருவார், கணித ஆசிரியர் எப்போது வருவார் என்று எழுந்துநின்று கேளுங்கள். விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள்.